பெருக்கல் குறி

எழுபத்திரண்டு பக்க அறிக்கையில்
ம்சிம்பாசி ஆற்றுக்கு ஒரே வரி:
வெள்ள அபாயம், மிதம்.
அதைச் சரிபார்க்க அனுப்பப்பட்டவன் நான்,
லுகானோ, சொத்து மதிப்பீட்டாளன்.
அளவு நாடா, ரப்பர் பூட்ஸ்,
மதியச் சாப்பாட்டுக்கு எட்டாயிரம் ஷில்லிங்.

டார் எஸ் சலாம் வளர்கிறது என்பதற்கு
வரைபடம் வந்து சாட்சி சொல்ல வேண்டியதில்லை.
போன வருடத்துக் கடைசி நிறுத்தம்
இந்த வருடம் பாதி வழி.
டாலா டாலா வண்டிப் பையன்
புது நிறுத்தங்களுக்குத் தானே பெயர் வைக்கிறான்:
சிமென்ட் கடை.
இன்னொரு சிமென்ட் கடை.
முடியாத மாடி.

(அந்த முடியாத மாடியில், ஐந்தாவது தளத்தில்,
கடல் பார்த்த ஒரு படுக்கையறை என்னுடையது.
இருபத்தாறு தவணை கட்டியிருக்கிறேன்.
தூண்கள் வந்திருக்கின்றன.
நான்காவது தளம் இன்னும் வரவில்லை.)

நிதியம் கேட்பது ஆற்றங்கரையில் நான்கு ஏக்கர்.
பதினொரு மாடி, கீழே கடைகள்,
போட்டது மூன்றாகப் பெருகும் என்கிறது கணக்கு.
ஆபத்துகளும் அட்டவணையில் உண்டு:
ஷில்லிங் சரியலாம்,
தேர்தல் சூடாகலாம்,
ஒரு பட்டாவின் வயிற்றில் இன்னொரு பட்டா இருக்கலாம்.
ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சதவீதம்,
காய்ச்சல்காரனுக்கு வைத்த தெர்மாமீட்டர் மாதிரி.
நிலத்தின் தற்போதைய நிலை: காலி.

காலி நிலத்தில் ஒரு பெண்
வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

பெயர் சிகுதானி.
நினைக்கவே இல்லை என்று பொருள்;
யாரும் நினைக்காதபோது பிறந்தவள்.
அவள் சுவரில் நகராட்சி போட்ட
சிவப்புப் பெருக்கல் குறி,
இடிக்க வேண்டிய வீடு என்பதற்கு.
அதன் ஒரு காலில் ஆணியடித்து
மீன் பொரிக்கும் சட்டியை மாட்டியிருந்தாள்.

தண்ணீர் எவ்வளவு வரும் என்றேன், நாடாவை இழுத்து.
போன மசிகா மழைக்கு, என்று நெஞ்சைத் தொட்டாள்.
அதற்கு முந்தியதற்கு, அலமாரியின் மேல்தட்டு.
அதற்கும் முந்தியதற்கு
கூரையைக் காட்டினாள்: அங்கே ஆடு நின்றது.
எழுதிக்கொண்டேன்.
ஒன்று இருபது. ஒன்று தொண்ணூறு. ஆடு.

"உன் ஆட்கள் போடும் பணம் எப்போது திரும்பும்?"
ஆறு வருடம்.
"ஆறு அதற்கு முன்னாலேயே வந்துவிடுமே."

வீட்டுக்குப் பின்னால் இருந்தது அவளுடைய முதலீடு.
முந்நூற்றுப் பன்னிரண்டு சிமென்ட் கல்.
மீன் போன மாதம் பத்து,
போகாத மாதம் ஒன்று.
சானிகா மேட்டில் மனை வாங்கியிருக்கிறாள்.
விற்றவன் அதே மனையை
இன்னும் இருவருக்கும் விற்றிருக்கிறான்.
மூவரும் ஒரே நாளில் போய் நின்று
கத்தி, பிடித்துத் தள்ளி,
செருப்பைக் கழற்றுகிற கட்டத்தில்
மழை பிடித்துக்கொண்டதாம்.
சண்டையை விட்டுவிட்டு
மூவரும் காலடியைப் பார்த்திருக்கிறார்கள்.
தண்ணீர் நிற்கவில்லை.
"நல்ல நிலம்தான்," என்றாள்.
"மூன்றாக வகுத்துக்கொண்டோம்."

செயலியில் மூன்றே தேர்வுகள்: குறைவு, மிதம், அதிகம்.
அதிகம் என்றால் நிதியம் வேறு ஊருக்குப் போகும்,
கம்பாலாவோ லுசாகாவோ.
நஷ்டஈடும் அதனோடு போகும்.
சிவப்புக் குறி மட்டும் தங்கும்.
மிதம் என்றால் அவளுக்கு ஆயிரம் கல்லுக்குக் காசு,
பதினொரு மாடியில்
என்னைப் போல எவனோ ஒருவனுக்குத்
தவணை முறையில் வெள்ளம்.

அவளிடமே கேட்டேன்.
"காசு மழைக்கு முன்னால் வருமா?"
தெரியாது என்றேன்.
மீனைத் திருப்பிப் போட்டாள்.

அதிகம் என்று அழுத்தினேன்.
குறிப்புகளுக்கான கட்டத்தில்
நாற்பத்து மூன்று வாசல்கள் என்று எழுதினேன்.
யார் வந்தாலும் முதல் காசு இவர்களுக்கு,
அதுவும் மசிகாவுக்கு முன், என்று எழுதினேன்.
அதிகபட்ச நீர்மட்டம்: கூரை, ஆடு.

பதில் இரண்டே நாளில் வந்துவிட்டது.
வாசல்களைப் பற்றி ஒன்றுமில்லை.
ஆடு என்பது எந்த அலகு,
தெளிவுபடுத்தவும்.